பிரவுசரின் 'பின்' (Back) பட்டனை அழுத்தினால் உறைந்து நின்ற படிவம்

இணையப் பக்கத்தில் ஒரே படிவம் இரண்டு முறை போய்விடக் கூடாது என்று, அனுப்பியதும் அனுப்பும் பட்டனை முடக்கி, சுழலும் வட்டம் ஒன்றைக் காட்டுவது என் வழக்கம். ஆனால் அடுத்த பக்கத்திலிருந்து 'பின்' பட்டனை அழுத்தித் திரும்பினால், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அனுப்பும் பட்டன் உயிர் பெறவில்லை. எழுதியதைத் திருத்த வந்தவர் பாவம், என்ன செய்வார்?

பக்கம் லோட் ஆகும்போது பட்டனை மீட்கும் நிரல் ஏற்கெனவே இருந்தது. அது ஓடுகிறதா என்று அறிய, அதில் கன்சோல் லாக் (சோதனைச் செய்தி எழுதும் வரி) போட்டுப் பார்த்தேன். திரும்பி வரும்போது ஒரு வரிகூட வரவில்லை. அப்புறம்தான் பிடிபட்டது. பிரவுசர் பக்கத்தைப் புதிதாக ஏற்றவே இல்லை. விட்டுப்போன நிலையிலேயே, ஜாவாஸ்கிரிப்ட் மாறிகள் உட்பட, நினைவகத்தில் உறைய வைத்து அப்படியே எடுத்துத் தருகிறது. இதற்குப் பெயர் பிஎஃப்கேஷ் (பின்-முன் கேஷ், bfcache). அப்போது லோட் நிகழ்வு மறுபடி நடக்காது, பக்கம் திரையில் காட்டப்படுவதைச் சொல்லும் பேஜ்ஷோ நிகழ்வு நடக்கும்.

பேஜ்ஷோவில் 'பெர்சிஸ்டட்' மதிப்பு ட்ரூ என்றால், அதாவது பக்கம் இந்தக் கேஷிலிருந்து வந்திருந்தால், பட்டனை மீட்டு வட்டத்தை மறைத்தேன். நாலு வரிதான், சரியாகிவிட்டது.

பக்கத்தைச் சேமிக்காதே என்று சர்வரிலிருந்து சொல்லும் 'நோ-ஸ்டோர்' ஹெட்டர் போட்டு இந்தக் கேஷையே தடுக்கப் பார்க்கலாம். எனக்கு மனம் வரவில்லை. கண் இமைப்பதற்குள் பழைய பக்கம் வந்து நிற்பது எவ்வளவு பெரிய வசதி!