பாட்டில் வரிசையில் லேசர் சென்சார்

பாட்டில்களை எண்ண கன்வேயரில் லேசர் சென்சார் பொருத்தச் சொன்னால் பலர் உடனே ஸ்பேனரைத் தேடுவார்கள். நான் பாட்டிலைத்தான் முதலில் கையில் எடுத்துப் பார்ப்பேன். ஒளி ஊடுருவும் பாட்டில் என்றால், ஒளி சற்றே குறைந்தாலும் உணர்கிற, எதிரே ரிஃப்ளெக்டர் (ஒளியைத் திருப்பி அனுப்பும் தகடு) வைக்கும் வகைதான் சரி.

ரிஃப்ளெக்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். லேசர் புள்ளி மிகச் சிறியது. பழைய ரிஃப்ளெக்டரின் பெரிய அறைகளுக்கு (ஒளியைத் திருப்பும் பட்டகக் கட்டங்களுக்கு) நடுவே அது விழுந்தால் சிக்னல் தடுமாறும். நுண்ணிய அறைகள் கொண்டதையே கேட்டு வாங்குங்கள்.

வயரிங் எளிது: பழுப்பு 24 வோல்ட், நீலம் பூஜ்யம், கறுப்பு வெளியீடு. பி.எல்.சி. (இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) கேட்பது பி.என்.பி.யா (வெளியீடு 24 வோல்ட் தரும்), என்.பி.என்.னா (வெளியீடு பூஜ்யத்துடன் இணையும்) என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையான தலைவலி எண்ணிக்கையில் வரும். பாட்டிலின் இரு விளிம்புகளும் ஒளியை வளைத்துவிடும், நடுப்பகுதியோ வழிவிடும். ஒரே பாட்டில் இரண்டாகப் பதிவாகும். சென்சாரில் அணைப்புத் தாமதம், அதாவது ஒளி திரும்பியதும் சிக்னல் சற்றுப் பொறுத்தே அணையும்படி, வைத்தால் தீரும். கன்வேயர் வினாடிக்கு 500 மி.மீ. ஓடி, பாட்டில்களுக்கு இடையே 50 மி.மீ. இருந்தால் இடைவெளி 100 மில்லி வினாடி. தாமதம் அதற்குள் அடங்க வேண்டும்; நான் 40 மில்லி வினாடியில் தொடங்குவேன். அடுத்தடுத்து ஒட்டி வரும் பாட்டில்களுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. முன்னதாகவே அவற்றைப் பிரித்துவிட வேண்டும்.

பாட்டில் இல்லாதபோதுதான் டீச் பட்டனை (சென்சாருக்கு வெற்று நிலையைக் கற்பிக்கும் பொத்தானை) அழுத்த வேண்டும். பாதுகாப்புத் தரத்தில் இரண்டாம் வகுப்பு (கிளாஸ் 2) லேசர் என்றால் கற்றையை உற்றுப் பார்க்காதீர்கள். லென்ஸில் நீர்த்துளி தெறித்தால் மென்துணி போதும், தின்னர் கூடாது.