ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஆசிட் படக்கூடாது

பணி ஓய்வு பெற்ற நண்பர்கள் ஐவர் காரைக்குடியில் ஞாயிறுதோறும் ஒருவர் வீட்டில் கூடிச் சமைத்துச் சாப்பிடுகிறோம். சென்ற மாதம் நாங்கள் கூடிய வீட்டில், ஓய்வுக்காலப் பணத்தைக் கொண்டு அடுப்பங்கரையிலும் முன்கூடத்திலும் புதிதாக ஆத்தங்குடிக் கல், அதாவது சிமெண்ட்டில் கையால் வார்த்த வண்ணப் பூவேலைத் தரைக்கல், பதித்திருந்தார்கள். அரிசி கழுவிய நீரில் புளியைக் கரைத்து வெண்டைக்காய் மண்டி கொதித்துக்கொண்டிருந்த வேளையில் நான் தரையைக் குனிந்து பார்த்தேன். பதித்து மூன்று வாரம்கூட ஆகாத சிவப்பும் பச்சையும் சாம்பல் பூத்ததுபோல் வெளிறிக் கிடந்தன. நண்பரிடம் காரணம் கேட்கவேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. 2009ஆம் ஆண்டில் என் வீட்டுத் தரைக்கு நானே இழைத்த தவறு அது.

கல்லை எண்ணி இறக்குவது, ரசமட்டம் வைத்துப் பார்ப்பது போன்றவற்றை எந்தக் கொத்தனாரும் சொல்லித் தருவார் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை. நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பதித்து முடித்ததும் ஆசிட் ஊற்றிக் கழுவுவது

கற்களின் இடுக்குகளை அடைக்க விட்ட சிமெண்ட் பால் (நீர்த்த சிமெண்ட் கரைசல்) கல்லின் முகத்தில் படிந்து வெண்ணிறப் படலமாகக் காய்ந்துவிடும். அதைப் பார்த்து வீட்டுக்காரர் கவலைப்படும்போது, "ரெண்டு பாட்டில் ஆசிட் விட்டாக் கண்ணாடி மாதிரி ஆயிடும் சார்" என்று மேஸ்திரி சொல்வார். அவர் ஏமாற்றுவதற்காகச் சொல்வதில்லை. சூளையில் சுட்டு மெருகேற்றிய செராமிக் ஓடுகளைப் பல ஆண்டுகள் பதித்த கைக்கு அந்தப் பழக்கம் வந்துவிடுகிறது. அந்த மெருகு ஆசிட்டைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்.

ஆத்தங்குடிக் கல் சூளையைக் கண்டதே இல்லை. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்ட்டைக் கையால் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்ட்டும் இட்டு நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து இறுகச் செய்கிறார்கள். கல்லில் நாம் காணும் பளபளப்பு அந்தக் கண்ணாடியின் வழவழப்பு பதிந்ததால் வந்தது. வண்ணமோ சில மில்லிமீட்டர் கனமே உள்ள மேலடுக்கு. சிமெண்ட் சுண்ணாம்புச் சத்து நிறைந்த பொருள் ஆதலால், ஆசிட் பாட்டிலில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டதும் நுரைத்துக் கரையத் தொடங்குகிறது. அந்த நுரையைக் காட்டி அழுக்கு போகிறது என்கிறார்கள். உண்மையில் அழுக்கோடு சேர்ந்து கல்லின் முகமும் கரைந்து போகிறது.

என் மகளின் திருமணத்துக்கு இருபது நாள் இருக்கையில், 12 அடிக்கு 14 அடி கூடத்தில் பத்து அங்குலக் கற்கள் ஏறத்தாழ 240 பதித்து முடித்தோம். விருந்தினர் வருவதற்குள் தரை மின்னவேண்டும் என்ற அவசரத்தில் நானே கடைக்குப் போய் ஆசிட் வாங்கிவந்து கொடுத்தேன். ஒரே பிற்பகலில் செம்பருத்திச் சிவப்பு செங்கல் தூளின் நிறமாகிவிட்டது. பிறகு இயந்திரம் வைத்துத் தேய்த்ததில் பூவேலையின் ஓரங்கள் மேலும் மெலிந்தன. மறு ஆண்டே பாதிக் கூடத்தைப் பெயர்த்தெடுத்து மறுபடியும் பதிக்கவேண்டியதாயிற்று. கல்லின் விலையைவிடப் பெயர்க்கும் கூலியும், பெயர்க்கும்போது உடைந்த நல்ல கற்களும்தான் என்னை அதிகம் வருத்தின. பதினைந்து ஆண்டுக்கு மேலாக எல்லோரிடமும் இதைச் சொல்லியும், என் நெருங்கிய நண்பரே அதே பாட்டிலை வாங்கியிருக்கிறார் என்றால் எனக்கு எரிச்சல் வராமல் எப்படி இருக்கும்?

செய்யவேண்டியது எளிது. சிமெண்ட் பாலைச் சிறிது சிறிதாக விட்டு, அது காய்வதற்குள் ஈரப் பஞ்சினால் துடைத்துவிடவேண்டும். பிறகு காய்ந்த மரத்தூளைத் தூவித் தேய்த்தால் மிச்சமும் வந்துவிடும். அடுத்த சில வாரங்களில் கல்லிலும் கலவையிலும் உள்ள ஈரம் மேலேறி வெள்ளையாக உப்பு பூக்கக்கூடும். ஆசிட்டுக்கு ஓடுபவர்களில் பலர் இதைப் பார்த்துத்தான் ஓடுகிறார்கள். வெறுந் தண்ணீரில் நாள்தோறும் துடைத்து வந்தால் அது குறைந்துவிடும். தரை நன்றாக உலர்ந்தபின் தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் தேய்த்து, எண்ணெய்ப் பசை கையில் ஒட்டாத அளவுக்கு வேறொரு துணியால் துடைத்தெடுக்கவேண்டும். மேலும் மினுக்கம் ஏற்றுவது வீட்டாரின் பாதங்களும் ஆண்டுகளும்தான்.

அடுப்பங்கரையின் புளிப்பைப் பொருட்படுத்தாமல் இருப்பது

பாட்டிலில் வருவது மட்டும் ஆசிட் அன்று. புளிக்கரைசல், எலுமிச்சைச் சாறு, புளித்த மோர் ஆகியவையும் சிமெண்ட் கல்லின் மெருகை மெதுவாகத் தின்னும். கடப்பாக் கல் மேடையும் சுண்ணாம்புக் கல்லே என்பதால், எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்த இடத்தில் வட்டமாக வெளிறிய தடம் விழுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஐந்து பேருக்கு மண்டியும் வத்தக்குழம்பும் வைக்கிற வீட்டில் புளி சிந்தாமல் இராது. சிந்தியதைச் சாப்பாடு முடியட்டும் என்று விட்டுவைக்காமல் உடனே துடைத்துவிடுங்கள்.

வாட்டத்தைக் கண்ணால் மதிப்பிடுவது

பாத்திரம் கழுவும் இடத்தில் தண்ணீர் வடிய ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம், அதாவது சரிவு, இருக்கவேண்டும். ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகே மேஸ்திரியின் கணக்கை முடியுங்கள்.

நம் வயதை மறந்து தரையைத் தேர்ந்தெடுப்பது

அறுபதைத் தாண்டியவர்கள் புழங்கும் வீட்டில், தாளித்த எண்ணெய் தெறிக்கும் அடுப்பின் முன்புறமும் தண்ணீர் சொட்டும் கழுவுதொட்டியின் அடியும் வழவழப்பாக இருக்கக்கூடாது. அந்த இரண்டு இடங்களில் மட்டும் சொரசொரப்பான கல்லைப் பதித்து, மற்ற இடங்களில் பூவேலைக் கல்லை வைத்துக்கொள்ளலாம். அழகு கெட்டுவிடும் என்று நண்பர் ஒருவரின் மனைவி தயங்கினார். பதிக்கும் முறையை அவரே முன்னின்று தீர்மானித்து, ஓரத்தில் ஒற்றைநிறக் கல்லால் கரை கட்டச் சொன்னபின் அவருக்கும் அது பிடித்துவிட்டது.

எண்ணிக்கைக்குச் சரியாகக் கல் வாங்குவது

கையால் ஊற்றும் கல்லில் அடுத்த தடவை அதே நிறம் வராது. பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கி வையுங்கள்.