கதிர்வீச்சுக்கு முன்னும் பின்னும் கல்லீரலைக் கவனிக்க ஒரு நோட்டு

அப்பாவின் கல்லீரல் புற்றுக்குக் கதிர்வீச்சு என்று முடிவானதும் நான் முதலில் வாங்கியது ஒரு நாற்பது பக்க நோட்டு. நீங்களும் வாங்குங்கள். ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் பிலிருபின் (மஞ்சள் நிறமி), அல்புமின் (கல்லீரல் செய்யும் புரதம்), ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவு) மூன்றையும் தேதியோடு எழுதுங்கள். கல்லீரல் செல் சேதத்தைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி.யைப் பார்த்துத்தான் வீடே பதறும். ஆனால் கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்பவை இந்த மூன்றும்தான். வயிற்று நீர், மனக்குழப்பம் இரண்டையும் சேர்த்து மருத்துவர் சைல்டு-பியூ என்ற கல்லீரல் நிலை மதிப்பெண் போடுவார். 5, 6 என்றால் 'ஏ' பிரிவு, தாங்கும் வாய்ப்பு அதிகம். 7-இலிருந்து கவனம் கூட வேண்டும். அப்பாவுக்கு 6. அல்புமின் 3.2 இருந்ததால் ஒரு புள்ளி ஏறியது.

கட்டி நீங்கலாக நல்ல கல்லீரல் எவ்வளவு, அதன்மேல் எத்தனை கிரே (கதிர்வீச்சின் அளவு) விழும் என்று கேளுங்கள். ஹெபடைடிஸ் பி பரிசோதனையையும் விடாதீர்கள். அடங்கியிருக்கும் கிருமி சிகிச்சையின்போது கிளம்பலாம்.

சிகிச்சை முடிந்ததும் நோட்டை மூடிவிடாதீர்கள். கதிர்வீச்சால் வரும் பாதிப்பு பெரும்பாலும் 2 வாரம் முதல் 4 மாதத்துக்குள் தலைகாட்டும். வயிற்றில் நீர் சேர்கிறதா என்று தெரிய, தினமும் காலையில் காபிக்கு முன் அப்பாவை எடை பார்த்து, அம்மாவின் தையல் நாடாவால் தொப்புள் மட்டத்தில் வயிற்றை அளப்பேன். ஐந்தாவது வாரம், நான்கே நாளில் 2 கிலோவும் 3 சென்டிமீட்டரும் கூடின. கண்ணில் மஞ்சள் இல்லை. மஞ்சள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்; நாங்கள் அன்றே மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டோம்.