கல்யாணத்தில் சொன்ன வார்த்தையைச் சுவரில் மாட்டுவது எப்படி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு ஹாலில், நாள்காட்டிக்கும் கடிகாரத்துக்கும் நடுவில் ஒரு பிரேம் தொங்குகிறது. அதில் இருப்பது மொத்தம் 17 சொற்கள். 1983-ல் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வைத்து அப்பாவும் அம்மாவும் ஒருவருக்கொருவர் சொன்ன உறுதிமொழி அது:

இன்று முதல் நீ என் வாழ்க்கைத் துணை. எனக்குள்ள உரிமை எல்லாம் உனக்கும் உண்டு. நல்லது கெட்டது எது வந்தாலும் சேர்ந்தே நிற்போம்.

ஐயர் இல்லாத சீர்திருத்தக் கல்யாணம். பெரியார் 1929 கடைசியில் மலாயாவுக்கு வந்து போனதைத் தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது கேட்டு வளர்ந்தவர். மகன் கல்யாணத்தைத் தமிழில்தான் நடத்துவேன் என்று நின்றார். அப்பா ஒரு கோடு போட்ட தாளில் எழுதி வைத்து வாசித்தார், அம்மா அதே தாளை வாங்கி வாசித்தார். 1982 மார்ச் முதல் தேதியில் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால் பதிவும் செய்தார்கள். ஆனால் பதிவுச் சான்றிதழில் பெயர் இருக்கும், தேதி இருக்கும். என்ன வாக்கு கொடுத்தார்கள் என்பது இருக்காது. அது அந்தத் தாளில் மட்டும்தான் இருந்தது.

அந்தத் தாளை நான் கெடுத்துவிட்டேன். 30-ஆவது கல்யாண நாளுக்குப் பரிசாகச் செய்யலாம் என்று, அசல் தாளையே அட்டையில் ரப்பர் பசை வைத்து ஒட்டிக் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். நாலைந்து வருஷத்தில் பசை இருந்த இடமெல்லாம் பழுப்புத் திட்டாகி, தாளுக்கு முன்பக்கம் வரை ஊறி வந்துவிட்டது. ரப்பர் காற்றுப் பட்டால் மஞ்சளாகி, பிசுபிசுத்து, கடைசியில் காய்ந்து நொறுங்கும். பால்மரத்திலேயே, அதாவது ரப்பர் மரத்திலேயே, வாழ்ந்த குடும்பத்துக்கு இது தெரியாத விஷயமா? கொட்டாங்குச்சியில் ஒட்டியிருக்கும் பழைய கட்டிப்பால் எப்படிக் கருத்துப் போகும் என்று பார்த்துத்தான் வளர்ந்தேன். இருந்தும் யோசிக்கவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது.

அதனால் முதல் வேலை: அசலைத் தொடாதீர்கள். ஜன்னல் ஓரத்தில், வெயில் நேராக விழாத இடத்தில் தாளை விரித்து, போனை நேர் மேலே பிடித்துப் படம் எடுங்கள். ஊரில் ஸ்கேன் செய்கிற கடை இருந்தால் 600 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுக்கச் சொல்லுங்கள். பிறகு அசலை மடிக்காமல் அமிலம் இல்லாத உறையில் போட்டு பீரோவில் வைத்துவிடுங்கள். சுவருக்குப் போகப்போவது நீங்கள் புதிதாக எழுதுவது.

தாள் எதுவும் இல்லையா? பெரும்பாலும் இருக்காது. அப்போது கேட்டுத்தான் எடுக்க வேண்டும். கோயில் கல்யாணம் என்றால் வாக்குறுதி மந்திரத்துக்குள் இருக்கிறது. சொன்ன பலருக்கு அர்த்தம் தெரியாது. சப்தபதியில் ஏழு அடி: முதலாவது உணவுக்கு, இரண்டாவது பலத்துக்கு, மூன்றாவது விரதத்துக்கு, நான்காவது சுகத்துக்கு, ஐந்தாவது கால்நடைச் செல்வத்துக்கு, ஆறாவது பருவங்களுக்கு, ஏழாவது யாகங்களுக்கு. ஏழும் வைத்த பிறகு மாப்பிள்ளை கேட்பது தோழமை. ஏழையும் எழுதினால் சுவரில் பாடப்புத்தகம் மாதிரி ஆகிவிடும். அந்தத் தோழமை ஒன்றை மட்டும் எடுத்தால் போதும் என்பது என் எண்ணம். அம்மி மிதிக்கும்போது சொல்வதும் நல்லது: இந்தக் கல்லைப் போல உறுதியாக இரு. மாதா கோயிலில் கல்யாணம் செய்தவர்களுக்கு வேலை சுலபம், 'இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும்' என்று தமிழிலேயே சொல்லியிருப்பார்கள்.

எதுவாக இருந்தாலும் 25 சொல்லுக்குள் வையுங்கள். தமிழ்ச் சொல் நீளம். அதற்கு மேல் போனால் எழுத்து சிறுத்து, வாசலில் இருந்து பார்த்தால் படிக்க முடியாது.

இனி கையெழுத்து. கணினியில் அழகான எழுத்துரு எடுத்து அச்சடிப்பது ஐந்து நிமிஷ வேலைதான். நான் அதை வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அப்பாவின் தாளில் 'துணை' என்ற சொல்லைப் பார்த்தீர்கள் என்றால், இப்போது நாம் முன்னால் போடுகிற இணைக்கொம்பு (ை) அதில் இல்லை. 'ண'வோடு ஒட்டி, யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு. தமிழ்நாட்டு அரசு 1978-ல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் எல்லாரும் ணை, னை, லை, ளை நான்கையும் அப்படித்தான் எழுதினார்கள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் 60-களில் படித்த அப்பாவுக்குக் கை அப்படியே பழகிவிட்டது. கணினியில் தட்டினால் அந்தத் துதிக்கை போய்விடும். அது போனால் அந்தச் சொல் அப்பா எழுதிய 'துணை' இல்லை, யாரோ எழுதியது.

ஆகவே எடுத்த படத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிச் சாதாரணத் தாளில் அச்சடியுங்கள். அச்சடித்த தாளின் பின்பக்கத்தை 4பி பென்சிலால் நன்றாகத் தேயுங்கள். அதை நல்ல தாளின் மேல் வைத்து, நகரும் முன் மூலைகளைக் கிளிப்பால் பிடித்துவிட்டு, எழுத்தின் மேலேயே பேனாவால் அழுத்தாமல் ஓட்டினால் மெல்லிய பென்சில் தடம் கீழே விழும். அழுத்தினால் தாளில் பள்ளம் விழுந்துவிடும், மை அதில் தேங்கும். கல்யாணம் செய்தவர்கள் இன்னும் நம்மோடு இருந்தால் இன்னும் நல்லது, அவர்களையே எழுதச் சொல்லுங்கள். அம்மா முதலில் 'என் கை நடுங்குது, வேணாம்மா' என்றார். மூன்று நாள் பேசாமல் விட்டேன். நான்காம் நாள் காலையில் தோசை ஊற்றிவிட்டு வந்து அவராகவே உட்கார்ந்து கடைசி வரியை எழுதினார். 'சேர்ந்தே நிற்போம்' என்ற இரண்டு சொல்லும் அம்மா எழுத்து, லேசாக ஏறி இறங்கி இருக்கும். அதைத் திருத்தவில்லை.

தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள வாட்டர்கலர் தாளாக இருக்கட்டும், அமிலம் இல்லாதது என்று அட்டையில் போட்டிருக்கும். ஈப்போவில் ஓவியச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஏ3 அளவு, அதாவது 29.7-க்கு 42 செ.மீ., படுக்கை வசமாக வைத்துக்கொள்ளுங்கள். நிற்கிற வசமாக வைத்தால் ஒரு வரிக்கு ஒரு சொல்தான் அடங்கும். பக்கங்களில் 5 செ.மீ., மேலே 5, கீழே 6 விடுங்கள். கீழே கொஞ்சம் கூட விட்டால்தான் கண்ணுக்கு நடுவில் இருப்பது போலத் தெரியும். சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டு போகாதீர்கள்.

மை போடும் முன், எழுதாத ஒருவரைக் கூப்பிட்டுப் பென்சில் தடத்தை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொல்லுங்கள். ர-ற, ன-ண, ல-ள-ழ எல்லாம் நம் கண்ணுக்குச் சரியாகவே தெரியும், ஏனென்றால் நாம் மனசில் இருப்பதை வாசிக்கிறோம். புள்ளிகளை எண்ணுங்கள். எங்கள் 17 சொல்லில் ஒரு மெய்க்குப் புள்ளி விட்டுப் போயிருந்ததைப் பக்கத்து வீட்டு அக்காவின் பிள்ளைதான் கண்டுபிடித்தான்.

பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அதன் மை சாய மை, வெளுக்கும். பிக்மெண்ட் மை (எளிதில் வெளுக்காத நிறத்தூள் மை) என்று போட்ட பேனாக்கள் இருக்கின்றன, 0.8 மி.மீ. முனை ஒன்று, 0.3 ஒன்று போதும். மை காய்ந்து ஒரு நாள் கழித்துப் பென்சிலை அழியுங்கள்.

அலங்காரத்துக்கு அம்மா மஞ்சள் தடவச் சொன்னார். மங்கலமான எண்ணம்தான், ஆனால் மஞ்சள் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும், சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். அதே நிறத்துக்கு வாட்டர்கலரில் மஞ்சள் காவி இருக்கிறது, அது நிற்கும். நான் நான்கு மூலையிலும் பால்மர இலை வரைந்தேன். ஒரு காம்பில் மூன்று இலை. இரண்டு பேரும் அந்த மரங்களுக்கு நடுவில்தான் விடியற்காலையில் முதன்முதலில் பேசிக்கொண்டார்கள், அதனால் வேறு பூ எதுவும் தோன்றவில்லை.

கூறைப் புடவை இருந்தால் அதன் கரையில் ஒரு துண்டு சேர்க்கலாம். முந்தானையில் கை வைக்காதீர்கள். இடுப்பில் முதல் சுற்றுக்குள் போகும் முனையில், யாருக்கும் தெரியாத இடத்தில், இரண்டு விரல் அகலம் வெட்டினால் போதும். வெட்டிய ஓரத்தைப் புடவை வைத்திருப்பவரே மடித்துத் தைத்துவிட்டால் மனசு சமாதானம் ஆகும். துண்டைப் பசை போட்டு ஒட்டாமல், பின்னால் வரும் அட்டையில் பருத்தி நூலால் நாலு தையல் போடுங்கள். ஜரிகையும் கெடாது, என்றைக்காவது எடுக்கவும் முடியும்.

பிரேமுக்கு ரப்பர் மரம் எடுத்தேன். 25, 30 வருஷம் பால் கொடுத்த மரத்தை வெட்டி எடுத்த கட்டைதான் மேசை நாற்காலி ஆகிறது. இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான மரம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் தோட்டத்தில் வெட்டிக் கிடப்பதைக் கொண்டு வந்து அறுக்காதீர்கள். பச்சையாக விட்டால் பூசணம் பிடித்து நீலக்கறை ஏறும், வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். அறுவை மில்லில் போரான் உப்பு ஏற்றிக் காய வைத்த கட்டையைத்தான் வாங்க வேண்டும். 120 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 240, பிறகு வார்னிஷ் இரண்டு பூச்சு. வாடை முழுக்கப் போகும் வரை, ஒரு வாரமாவது, உள்ளே எதையும் வைக்காதீர்கள். தச்சு வராதவர்கள் பிரேமை வாங்கியே கொள்ளலாம், அதில் ஒன்றும் குறைவில்லை.

நம் ஊர் ஈரத்துக்கு முக்கியமானது இதுதான்: கண்ணாடி தாளைத் தொடக்கூடாது. தொட்டால் மழை மாதங்களில் இரண்டுக்கும் நடுவில் ஈரம் கோத்து, தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் மை உரிந்து வரும். நடுவில் ஜன்னல் வெட்டிய மவுண்ட் அட்டை ஒன்று வைத்தால் வேண்டிய இடைவெளி கிடைக்கும். தாளை அட்டையில் நிறுத்தப் பசையோ செல்லோடேப்போ வேண்டாம். அமிலமில்லாத தாளில் நான்கு சின்ன முக்கோணப் பை மடித்து, பழைய ஆல்பத்தில் போட்டோ செருகுவோமே, அப்படி நான்கு மூலைகளையும் செருகுங்கள். பைதான் அட்டையில் ஒட்டியிருக்கும், தாள் சும்மா நிற்கும். பின்பலகைக்கும் தாளுக்கும் நடுவிலும் அமிலமில்லாத அட்டை ஒன்று இருக்கட்டும். கடைசியாகப் பின்பக்க ஓரம் முழுவதையும் காகித டேப்பால் மூடினால் வெள்ளிப் பூச்சி நுழையாது.

மாட்டும் இடம்: மேற்கு வெயில் படாத, மழைச் சாரல் அடிக்கிற வெளிச்சுவர் இல்லாத, உள்சுவர். சாமி விளக்குக்குப் பக்கத்திலும் வேண்டாம், புகை படியும். பழைய லயத்து வீட்டில் (தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடு) பலகைச் சுவர், ஆணி ஒன்று அடித்தால் முடிந்தது. இப்போது இருக்கும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் கல் சுவர், 6 மி.மீ. துளை போட்டு, பிளக் சொருகி, திருகாணி இறக்க வேண்டும். பிரேமின் நடு, தரையிலிருந்து ஏறக்குறைய 150 செ.மீ. உயரத்தில் வரட்டும். கீழ் மூலை இரண்டிலும் பின்பக்கம் சின்ன ரப்பர் குமிழ் ஒட்டினால் சுவருக்கும் பிரேமுக்கும் நடுவில் காற்று ஓடும்.

தீபாவளிக்கு வீடு பெயிண்ட் அடிக்கும்போது எப்படியும் கழற்றுவோம். அப்போது பின்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கரையான் மண் கோடு இருக்கிறதா, டேப் எங்காவது பிரிந்திருக்கிறதா, அட்டையில் புள்ளி புள்ளியாகப் பூசணம் இருக்கிறதா என்று. கண்ணாடி துடைக்கும் தண்ணீரைக் கண்ணாடியில் அடிக்காமல் துணியில் அடித்துத் துடையுங்கள், இல்லாவிட்டால் ஓரத்தில் வழிந்து உள்ளே இறங்கும். எங்கள் வீட்டில் துடைப்பது அப்பாவின் வேலை. அம்மா எழுதிய கடைசி வரி வந்ததும் துணியை மடித்து, காய்ந்த பக்கத்தால் இன்னொரு தடவை துடைப்பார்.