ஜேட் செடி வளர்ப்பது எப்படி?

நர்சரியில் ஜேட் செடி என்று கேட்டால் இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். சுண்டுவிரல் நகத்தளவு இலையும் செந்நிறத் தண்டும் இருந்தால் அது போர்ச்சுலகேரியா ஆஃப்ரா. தென்னாப்பிரிக்காவில் யானைகள் விரும்பித் தின்னும் புதர். இலை பெரிதாக, தடித்துப் பளபளத்தால் கிராசுலா ஒவாட்டா. அதற்கும் தாயகம் அதே பகுதிதான். நம் சமவெளி வெயிலையும் புழுக்கத்தையும் முன்னது நன்றாகத் தாங்கும். புதியவர்கள் அதிலேயே தொடங்குங்கள். கிராசுலா நாய், பூனைகளுக்கு ஆகாது. அவற்றுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வளர்க்கும் முறை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

செடியை விலைக்கு வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. தெரிந்தவர் வீட்டிலிருந்து விரல் நீளக் கிளை ஒன்று கிடைத்தால் போதும். சுத்தமான கத்தியால் வெட்டி, அடிப்பகுதி இலைகளைக் கிள்ளிவிடுங்கள். உடனே நடக் கூடாது. நிழலில் ஒரு காகிதத்தின் மேல் நான்கைந்து நாள் கிடக்கட்டும். வெட்டுவாயில் ஈரம் வற்றி, வெளிறிய மெல்லிய தோல் மூடியிருக்கும். அதன்பின் நட்டால் அழுகும் பயம் குறைவு.

அடியில் ஓட்டையுள்ள நான்கு அங்குல மண்தொட்டி எடுத்துக்கொள்ளுங்கள். செம்மண் ஒரு பங்கு, பருமணல் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் அரைப் பங்கு கலந்து நிரப்பி, கிளையை இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். முதல் வாரம் தண்ணீர் வேண்டாம். பிறகு லேசாகத் தெளித்தால் போதும். மூன்று, நான்கு வாரம் கழித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடிமானம் தெரிந்தால் வேர்விட்டுவிட்டது.

இனி தண்ணீர். பெரும்பாலான ஜேட் செடிகள் சாவது இதில்தான். 'வாரம் இரண்டு முறை' என்று கணக்கு வைக்காதீர்கள். இது இலையிலும் தண்டிலும் நீரைச் சேர்த்துவைக்கும் செடி. வறட்சியில் நீரிழப்பைக் குறைக்கப் பகலில் இலைத்துளைகளைப் பெரும்பாலும் மூடிக்கொண்டு, இரவில்தான் திறக்கும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால், அடியில் வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள்.

இலை சுருங்கி மெலிந்தால் தாகம். மஞ்சளாகி, நீர்கோத்து, தொட்டதும் உதிர்ந்தால் தண்ணீர் மிகுந்துவிட்டது. வாடியது எதைப் பார்த்தாலும் சொம்பைத் தூக்கும் பழக்கம் இங்கே ஆபத்து. அடித்தண்டு கொழகொழத்துவிட்டால், தண்டின் உள்ளே பழுப்பில்லாத இடம் வரும்வரை மேல்நோக்கி வெட்டி, மிஞ்சும் நல்ல மேல்பகுதியைக் காயவைத்து மறுபடி நடுங்கள்.

மூன்று, நான்கு மணி நேரக் காலை வெயில் போதும். நிழல்வலைக்குள் வளர்ந்த செடியை ஒரேயடியாக மாடி வெயிலில் வைத்தால் இலை கருகும். சிறிது சிறிதாகப் பழக்குங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக்குக் கூரையடியில் இருக்கட்டும்.

இலைக்கணுவில் வெள்ளைப் பஞ்சுபோல ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. ஈரத்துணியால் துடைத்தெடுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். வாரம் ஒருமுறை கணுக்களைப் புரட்டிப் பாருங்கள். அது திரும்ப வரும்.