கொண்டை ஊசி வளைவில் நாவல், கட்டிலில் தியானம்: காதால் கேட்கப் பழகும் விதம்

நான் சேலம் கோரிமேட்டில் குடியிருக்கிறேன். வேலை ஏற்காட்டில், ஒரு காபித் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கு எழுதுவது. காலையில் மலை ஏறுவது, மாலையில் இறங்குவது என்று ஒன்பது வருடமாக வாரத்தில் ஆறு நாள் போய் வருகிறேன். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வளைவுகளில் புத்தகத்தை விரித்தால் மூன்றாவது வளைவுக்குள் குமட்டல் வந்துவிடும். கண் அசையாத எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, காதின் உட்பகுதி உடம்பு திரும்புகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போகாததால் வரும் குமட்டல் அது. பார்வையை ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் வைத்துக்கொண்டு காதால் படித்தால் அந்தத் தொல்லை இல்லை. அப்படித்தான் நான் ஒலிநூலுக்கு வந்தேன். தியானப் பதிவுகளுக்கு வந்த காரணம் வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒலிநூலும் தியானப் பதிவும் காதில் நுழைவது ஒரே வழியாகத்தான் என்றாலும் இரண்டுக்கும் தேவையான குரல் வேறு. கதை சொல்லும் குரல் நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். தியானம் சொல்லும் குரல் நம்மைக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இது புரியாமல் முதல் வருடம் முழுக்க நல்ல பதிவுகளைக்கூடத் தவறான நேரத்தில் கேட்டு, இது நமக்கு ஒத்துவராது என்று பாதியில் விட்டிருக்கிறேன்.

ஒலிநூலை எப்படித் தேர்ந்தெடுப்பது

எல்லோரும் முதல் ஐந்து நிமிடத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்கிறார்கள். முதல் ஐந்து நிமிடத்தை யாரும் நன்றாகத்தான் படிப்பார்கள். நீங்கள் நடுவில் போய் இரண்டு பேர் பேசிக்கொள்ளும் ஓர் இடத்தைக் கேளுங்கள். பெயர் சொல்லாமலே யார் பேசுகிறார் என்று தெரிகிறதா? பெண் பாத்திரம் பேசும்போது, படிக்கும் ஆண் தன் குரலைக் கீச்சென்று ஆக்குகிறாரா? வாக்கியம் முடிவதற்குள் அவருக்கு மூச்சு முடிந்துவிடுகிறதா? ‘மழை’, ‘மலை’ இரண்டும் தனித்தனியாகக் கேட்கிறதா? எனக்கு இந்தக் கடைசிச் சோதனை மிக முக்கியம். ழகரம் தேய்ந்த குரலில் பத்து மணி நேரம் கேட்பது, கல் கலந்த அரிசியில் சோறு உண்பது போல. பின்னணி இசை ஓயாமல் ஓடும் பதிவையும் நான் எடுப்பதில்லை. பேருந்து இரைச்சலும் அந்த இசையும் சேர்ந்து சொல்லை மூழ்கடித்துவிடும்.

தமிழில் ஒரே நாவலுக்கு நான்கைந்து ஒலி வடிவம் கிடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தமிழக அரசு 1949-இல் பாரதியார் படைப்புகளில் தொடங்கி, பல எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. அவற்றை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், படித்துப் பதிவு செய்யலாம். எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு கடந்த நூல்களுக்கும் பதிப்புரிமை இல்லை. ஆகவே பழைய நூல் என்றால் முதலில் கிடைத்த குரலோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. நான்கு பேர் படித்ததையும் ஒரே அத்தியாயத்தில் ஒப்பிட்டுப் பார்த்து எடுங்கள். அரை மணி நேரம் செலவாகும். அதற்குப் பிறகு ஒரு மாதம் உங்களோடு இருக்கப் போகிற குரல் அது.

ஒலிநூலே வராத பழைய நூல்கள் நிறைய இருக்கின்றன. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களை எடுத்து, கைபேசியையே வாசிக்கச் சொல்லலாம். கட்டுரைக்கு அது பரவாயில்லை. கதைக்கு வேண்டாம். கோபமும் அழுகையும் அந்த இயந்திரக் குரலில் ஒரே மாதிரி ஒலிக்கும்.

எடுத்த உடனே பெரிய சரித்திர நாவலில் இறங்காதீர்கள். இருபது, முப்பது நிமிடச் சிறுகதைகளில் தொடங்குங்கள். கேட்டுப் பழகாத காது பத்து நிமிடத்தில் அலைபாயும், அது இயல்பு. நான் இரண்டு வாரம் சிறுகதை மட்டும் கேட்ட பிறகுதான் நாவலுக்குப் போனேன். பாத்திரங்கள் அதிகம் உள்ள நாவல் என்றால், பெயர்களையும் உறவையும் ஒரு சின்னத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் முன்பக்கம் புரட்டிப் பார்ப்பது போலக் காதால் புரட்ட முடியாது. வேகத்தையும் முதல் ஒரு மணி நேரம் கூட்டாதீர்கள். குரல் பழகிய பின் 1.25-இல் வைக்கலாம், பத்து மணி நேர நூல் எட்டு மணி நேரத்தில் முடியும். அதற்கு மேல் போனால் படிப்பவர் யோசித்து விட்ட இடைவெளிகள் எல்லாம் நசுங்கிவிடும்.

பேருந்தில் கேட்பவர்களுக்கு

மலைப்பாதையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். முதல் நாள் இரவே வீட்டில் இறக்கி வைத்துவிடுங்கள். பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் தரமே போதும், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 29 எம்பிதான் பிடிக்கும். பாட்டுக்குத் தேவைப்படும் தரம் இதற்குத் தேவையில்லை.

எங்கள் வழியில் ஓடும் பேருந்துகளில் என்ஜின் முன்னால், ஓட்டுநர் பக்கத்தில். ஏற்றத்தில் சின்ன கியரில் உறுமும்போது முன் இருக்கைக்காரர்கள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன். கடைசி இருக்கையில் தூக்கிப் போடும். நடு இருக்கைதான் சரி. காதை அடைக்கும் ரப்பர் முனை வைத்த இயர்போன் வாங்கினால் குறைந்த சத்தத்திலேயே கேட்கும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமாகக் குறைந்துவிடும். கைபேசியின் ஒலி அளவில் அறுபது சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது என் வழக்கம். சொல் கேட்கவில்லை என்றால் சத்தத்தைக் கூட்டாமல் நிறுத்திவிடுகிறேன். வளைவு முடிந்ததும் முப்பது வினாடி பின்னால் போய்த் தொடரலாம். இறங்கிச் சாலையைக் கடக்கும்போது இரண்டு காதிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். இதில் சமரசம் வேண்டாம்.

இன்னொரு அனுபவத்தையும் சொல்லத் தோன்றுகிறது. இப்படிக் கேட்ட கதைகள் எனக்கு இடத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒரு நாவலில் தங்கை வீட்டை விட்டுப் போகும் கட்டத்தைப் பதினான்காவது வளைவில் கேட்டேன். அன்று பனி இறங்கி, கீழே சேலம் ஊரே தெரியவில்லை. நான்கு வருடம் ஆகிறது. இன்றும் பேருந்து அந்த வளைவின் எண் பலகையைத் தாண்டும்போது அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். தாளில் படித்த எந்தக் கதையும் என்னிடம் இப்படித் தங்கியதில்லை.

தியானப் பதிவு

அப்பா போன பிறகு எனக்குத் தூக்கம் கெட்டது. எங்கள் அலுவலகத்தில் ஓர் அக்கா மனவளக்கலை மன்றத்துக்குப் போகிறவர். வேதாத்திரி மகரிஷி வகுத்த எளிய உடற்பயிற்சியின் முடிவில் உடம்பைத் தளர்த்திப் படுக்க வைத்து, ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லிக்கொண்டே வருவார்கள் என்றும், அதையே பதிவாகக் கேட்டுப் பார் என்றும் சொன்னார். அங்கிருந்து தொடங்கியது.

குரல் வழிகாட்டும் பதிவுகளில் உறுப்பு உறுப்பாகக் கவனத்தை நகர்த்தும் வகைதான் புதியவர்களுக்கு எளிது. படுத்தபடி செய்யும் யோக நித்திரையில் வலது கைக் கட்டை விரலில் தொடங்குவார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1979-இல் ஜான் கபட்-ஜின் நோயாளிகளுக்காக ஆரம்பித்த பயிற்சியில் இடது கால் விரல்களில் தொடங்கும். எங்கே தொடங்கினாலும் வேலை ஒன்றுதான்: மனசுக்கு அடுத்து அடுத்து என்று ஓர் இடம் கொடுத்துக்கொண்டே இருப்பது.

நல்ல பதிவைக் கண்டுபிடிக்க, அதில் எவ்வளவு மௌனம் இருக்கிறது என்று பாருங்கள். தியான ஆசிரியர் எஸ்.என். கோயங்காவின் விபாசனா தியான முகாம்களில் இன்றும் அவருடைய பதிவு செய்த குரல்தான் வழிகாட்டுகிறது. 2013-இல் அவர் காலமான பிறகும் அப்படித்தான். அவர் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நீண்ட நேரம் சும்மா இருப்பார். பேசிக்கொண்டே இருக்கும் பதிவில் நாம் கேட்பவராகவே இருந்துவிடுவோம், செய்பவராக மாற நேரமே கிடைக்காது.

இலவசப் பதிவுகளில் ஒரு ஆபத்து உண்டு. ஒரு நாள் இரவு கண் செருகும் நேரத்தில் நடுவில் ஒரு விளம்பரம் கத்தியது. நெஞ்சு படபடத்து, அன்று விடியும்வரை தூக்கம் வரவில்லை. அதனால் விளம்பரம் வராத கோப்பாக இறக்கி வைத்து, கைபேசியை ஏரோபிளேன் மோடில் போட்டு, ஒரு கை தூரத்தில் வைத்துக் கேளுங்கள். படுக்கையில் இயர்போன் வேண்டாம், கழுத்தில் வயர் சுற்றும். கைபேசி ஸ்பீக்கரே போதும். அது முடிந்ததும் அடுத்த பதிவு தானாக ஓடாதபடி நிறுத்தி வையுங்கள்.

வண்டி ஓட்டும்போது தியானப் பதிவு கூடவே கூடாது. பேருந்திலும் வேண்டாம் என்பேன். ஒரு மாலை இறங்கும்போது கேட்டேன், கோரிமேடு தாண்டியது தெரியாமல் புதிய பேருந்து நிலையம் வரை போய்விட்டேன். இப்போது நான் கேட்கும் இடம் தோட்டத்துக் களத்தின் ஓரம், சில்வர் ஓக் மரத்தடி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பதின்மூன்று நிமிடம். காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் அந்த இடத்தில் ஆள் நடமாட்டம் ஓயாது, அப்போது விட்டுவிடுகிறேன்.

சிலருக்குக் கண்ணை மூடியதும் பதற்றம் கூடும். எனக்கும் அப்பா போன புதிதில் அப்படித்தான். ‘நினைவுகள் வரட்டும்’ என்று அந்தக் குரல் சொன்னதும் ஆஸ்பத்திரி வராந்தா கண்முன் வந்து நிற்கும். அப்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, வெளியே கேட்கும் சத்தங்களை மட்டும் கவனிக்கச் சொல்லும் பதிவுக்கு மாறினேன். அதுவும் முடியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். மனநலத்துக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

நீங்களே பதிவு செய்யுங்கள்

நான் கேட்ட பதிவுகளில் மிக நன்றாக வேலை செய்தது, நானே அம்மாவுக்காகப் பேசியது. அம்மாவுக்கு வயது 74. கண்புரை அறுவைக்குப் பிறகு பகலில் தூங்கி இரவில் விழித்துக்கிடந்தார். நல்லதென்று நான் நினைத்த ஒரு பதிவைப் போட்டுக் கொடுத்தேன். “மணிக்கட்டு, முன்கை, புஜம்” என்று அது போய்க்கொண்டே இருந்தது. அம்மா பாதியில் கண்ணைத் திறந்து, “நல்லாத்தான் பேசறாங்க கண்ணு. ஆனா நான் எந்த இடம்னு தேடி முடிக்கறதுக்குள்ள அவங்க அடுத்த இடத்துக்குப் போயிடறாங்க” என்றார். அம்மாவுக்குத் தெரிந்த சொற்கள் சோத்தாங்கை, நொட்டாங்கை, முட்டி, கெண்டைக்கால். அந்தச் சொற்களில் சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

செய்யும் முறை இது. விடியற்காலை நாலரைக்கு எழுந்தேன். ஐந்தரைக்கு மேல் பால் வண்டியும் கோயில் மைக்கும் தொடங்கிவிடும். மின்விசிறியை நிறுத்தி, பீரோவைத் திறந்து, மடித்து அடுக்கிய புடவைகளைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். துணி எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும், வெறும் சுவருக்கு எதிரே பேசினால் கிணற்றுக்குள் பேசியது போல இருக்கும். கைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைக்க வேண்டும். நேரே வைத்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து, கேட்டுப் பார்த்த பிறகே முழுதாகத் தொடங்குங்கள்.

எழுதி வைத்துப் படிக்காதீர்கள். உறுப்புகளின் வரிசை மட்டும் தாளில் இருக்கட்டும். எதிரே படுத்திருப்பவரிடம் சொல்வது போலச் சொல்லுங்கள். “அம்மா, சோத்தாங்கைக் கட்டை விரலை நினைச்சுக்க. அசைக்க வேண்டாம். அதை அப்படியே விட்டுடு” என்றுதான் நான் தொடங்கினேன். ஒவ்வொன்றையும் சொன்ன பிறகு நீங்களும் அதைச் செய்து, இரண்டு மூச்சு விட்டு, அப்புறம் அடுத்ததைச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பார்த்து இடைவெளி விட்டால் அவசரம் குரலில் தெரிந்துவிடும். பன்னிரண்டு நிமிடம் வந்தது.

நான்காம் நாள் அம்மா ஒரு திருத்தம் சொன்னார். “முட்டிக்கு வரும்போது கொஞ்சம் நேரம் நில்லு கண்ணு, அங்கதான் வலி இருக்குது.” மறுநாள் விடியற்காலை திரும்பவும் பீரோ முன்னால் உட்கார்ந்து, முழுதும் முதலிலிருந்து பேசினேன். முட்டிக்கு வந்ததும் எட்டு மூச்சு நின்றேன். உங்கள் வீட்டுப் பெரியவருக்குச் செய்யும் முன், எங்கே வலிக்கிறது என்று கேட்டுக்கொண்டு உட்காருங்கள்.