ஃபைல் வந்துவிட்டது, பெயர் வரவில்லை: மெயில் இணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு தமிழ் மலர் கொண்டுவருகிறோம். பக்கம் கட்டுவது என் பொறுப்பு. கட்டுரைகள் அல்சூரிலிருந்தும் ஜாலஹள்ளியிலிருந்தும் வரும். டெல்லிக்கும் மும்பைக்கும் மாற்றலாகிப் போனவர்களும் மறக்காமல் அனுப்புவார்கள். ஒருவர் ஆபீஸ் அவுட்லுக்கில் அனுப்புவார், ஒருவர் ஜிமெயிலில், இன்னொருவர் மேக்கில். போன வருடம் ஒரே வாரத்தில் வந்த இணைப்புகளின் பெயர்கள் இவை: ‘நோநேம்’, ‘ஏடிடி00001’, ‘வின்மெயில்.டேட்’, அப்புறம் வெறும் கேள்விக்குறிகளாக ஒரு வரிசை. உள்ளே இருந்த எழுத்துக்கு ஒரு சேதமும் இல்லை. எது யாருடையது என்பதுதான் தெரியவில்லை. ஒரு பெரியவர் எழுதிய கவிதையை வேறொருவர் பெயரில் பக்கம் கட்டிவிட்டேன். மெய்ப்பு பார்க்கும்போது கண்ணில் பட்டதால் தப்பித்தது. அச்சில் போயிருந்தால் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பெயர் ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது என்று நினைப்பதுதான் எல்லாத் தவறுக்கும் வேர். அது உள்ளே இல்லை. நாம் ஒரு ஃபைலை இணைக்கும்போது, மெயில் செயலி அதன் உள்ளடக்கத்தைத் தனியாகக் கட்டுகிறது. பெயரை அதற்கு மேலே ஒரு தலைப்பு வரியில் எழுதுகிறது. கூரியர் பொட்டலத்தின் மேல் முகவரி ஒட்டுவதைப் போலத்தான். மறுமுனையில் இருக்கும் செயலி அந்தச் சீட்டைப் படித்துப் பெயர் சூட்டுகிறது. சீட்டு புரியவில்லை என்றால் தானே ஒரு பெயரை வைத்துவிடும். ‘நோநேம்’, ‘ஏடிடி00001’ எல்லாம் அப்படிப் பிறந்தவை.

சீட்டு ஏன் புரியாமல் போகிறது? 1982-ல் மெயிலின் வடிவத்தை வரையறுத்தபோது தலைப்பு வரிகளில் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டும்தான். தமிழோ கன்னடமோ இந்தியோ அந்த வரிக்குள் போக வேண்டுமானால் மாறுவேடம் போட்டுத்தான் போக வேண்டும். அந்த வேடம் இரண்டு விதம். 1996-ல் வந்த ஆர்.எஃப்.சி 2047 (ஆர்.எஃப்.சி என்பது இணையத்தின் விதிகளை எழுதி வைக்கும் ஆவணம்) ஒரு முறையைச் சொன்னது. ஆனால் இணைப்பின் பெயருக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் தெளிவாகச் சொன்னது. இணைப்பின் பெயருக்கென்றே 1997-ல் ஆர்.எஃப்.சி 2231 வந்தது. பல செயலிகள் தடையை மீறி முதல் முறையிலேயே பெயரை எழுதின. சில செயலிகள் இரண்டாவது முறையைக் கற்றுக்கொள்ளவே இல்லை. ஒன்று எழுதியதை மற்றொன்று படிக்காதபோது நடுவில் மாட்டிக்கொள்வது நம் ஃபைலின் பெயர். இன்றைய ஜிமெயில், அவுட்லுக், தண்டர்பேர்டு இவற்றுக்குள் பெரும்பாலும் சிக்கல் வராது. பழைய ஆபீஸ் சர்வர், மெயிலைத் தானாக அனுப்பும் மென்பொருள், ஸ்கேனர் இவையெல்லாம் வழியில் வரும்போதுதான் கவனம் தேவை.

நாம் செய்யும் பெரிய தவறு நீளம். “ஆண்டு மலர்” என்று சின்னதாகத்தானே பெயர் வைத்தேன் என்று தோன்றும். கண்ணுக்கு ஆறு எழுத்து, ஒரு இடைவெளி. கம்ப்யூட்டருக்கு அது அப்படியில்லை: புள்ளியும் உகரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள். எண்ணிப் பார்த்தால் தமிழ்க் குறியீடு ஒன்பது, இடைவெளி ஒன்று. எல்லா மொழி எழுத்துகளையும் கம்ப்யூட்டரில் பதியும் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் (கம்ப்யூட்டரின் சிறு சேமிப்பு அலகு). 2231 முறையில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாக விரியும். ஆகக் குறியீட்டுக்கு 9 எழுத்து. இடைவெளியையும் சேர்த்தால் மொத்தம் 84. ஒரு தலைப்பு வரி 78 எழுத்துக்குள் இருப்பது நல்லது என்பது மெயிலின் விதி. அதாவது ஆறெழுத்துப் பெயரே ஒரு வரியில் அடங்காது. துண்டாக்கி, வரிசை எண் போட்டு அனுப்ப வேண்டும். “2024 பொங்கல் விழாவில் நடந்த பட்டிமன்றம் ஒரு பார்வை இறுதி வடிவம்” என்று பெயர் வைத்தால் எத்தனை துண்டு என்று யோசியுங்கள். துண்டுகளைச் சேர்க்கத் தெரியாத செயலி பெயரையே விட்டுவிடும், அல்லது பாதியோடு நிறுத்திவிடும். பாதியோடு நின்றால் முதலில் போவது வால்: டாக்ஸ், பி.டி.எஃப் என்ற கடைசிச் சொல். வால் போனால் எந்தச் செயலியில் திறப்பது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

அதற்காகத் தமிழில் பெயரே வைக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. நம் கம்ப்யூட்டரில் நம் ஃபைல் நம் மொழியில் இருப்பதுதான் முறை. ஆனால் எந்த மெயில் அமைப்புக்குப் போகிறது என்று தெரியாதபோது, அனுப்பும் பிரதிக்கு மட்டும் ஆங்கில எழுத்து, எண், இணைப்புக்கோடு கொண்டு 30 எழுத்துக்குள் ஒரு பெயர் வையுங்கள். இடைவெளியும் வேண்டாம். பெயரை மேற்கோள் குறிக்குள் எழுதாத மென்பொருள்கள் உண்டு. அவை அனுப்பினால் முதல் இடைவெளியோடு பெயர் அறுந்துவிடும். தமிழ்த் தலைப்பையும் உங்கள் பெயரையும் கட்டுரையின் முதல் வரியிலும், மெயிலின் உடலிலும் எழுதுங்கள். அந்த இரண்டு இடத்தையும் தலைப்புச் சீட்டின் குழப்பம் தொடாது.

குறிகளிலும் கவனம் வேண்டும். தேதியைச் சாய்கோடு போட்டு எழுதுவது நம் பழக்கம். கட்டுரைத் தலைப்பில் கேள்விக்குறியும் இயல்பாக வரும். மேக்கில் இரண்டையும் பெயரில் வைக்கலாம். விண்டோஸ் சாய்கோடு, கேள்விக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரக் குறி, இரட்டை மேற்கோள் எதையும் பெயரில் ஏற்காது. சேமிக்கும் செயலி அதை அடிக்கோடாக மாற்றிவிடும், சில சமயம் சேமிக்கவே முடியாது.

வின்மெயில்.டேட் கதை வேறு. அங்கே மொழிக்குச் சம்பந்தமே இல்லை. அவுட்லுக்கில் ரிச் டெக்ஸ்ட் வடிவில் மெயில் எழுதினால், அது இணைப்புகளையும் சேர்த்துத் தனக்கே உரிய ஒரு மூட்டையாகக் கட்டி அனுப்பும். அந்த மூட்டையைப் பிரிக்கத் தெரியாத செயலி மூட்டையையே இணைப்பாகக் காட்டும். பெறுபவர் என்ன செய்தாலும் இது அடுத்த முறையும் வரும், அனுப்புபவர்தான் ஹெச்.டி.எம்.எல் அல்லது பிளெயின் டெக்ஸ்டுக்கு மாற வேண்டும். எங்களுக்கு அனுப்பும் ஒருவரிடம் போனில் இரண்டு நிமிடம் பேசியதும் தீர்ந்தது.

ஃபைல்களை ஒரே பொட்டலமாகச் சுருக்கி, அதாவது ஜிப் செய்து, அனுப்பினால் போதும் என்பார்கள். பாதிதான் சரி. ஜிப்புக்கு எளிய ஆங்கிலப் பெயர் வைத்தால் உள்ளே இருக்கும் தமிழ்ப் பெயர்களை மெயில் சர்வர் தொடாது. ஆனால் ஜிப்பின் வரையறையிலும் பெயர்களை யூ.டி.எஃப்-8-ல் எழுதும் வசதி 2006-ல்தான் வந்தது. இருபுறமும் புதிய மென்பொருள் இருந்தால் தைரியமாகச் செய்யலாம். பழைய மென்பொருள் இருந்தால் பிரிக்கும்போது பெயர் சிதையும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. “கோ” என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். பழைய மேக் ஃபைல் அமைப்பு பெயரைப் பிரித்தே வைக்கும். திரையில் வித்தியாசம் தெரியாது. தேடும்போது மட்டும் “கோலம்” கிடைக்காது, அல்லது ஒரே ஃபோல்டரில் இரண்டு “கோலம்” உட்கார்ந்திருக்கும்.

சரி, பெயர் கெட்டே வந்துவிட்டது. பதறி அழிக்காதீர்கள், என்ன தெரிகிறது என்று பாருங்கள். சமக்குறியும் கேள்விக்குறியுமாகத் தொடங்கி, நடுவில் 4, ஆங்கில எழுத்தான கே, 6 என்ற மூன்றும் அடிக்கடி சேர்ந்து வந்தால் அது வேடம் கலையாத தமிழ்ப் பெயர். வட்டத்துக்குள் ஆர் போட்ட குறி திரும்பத் திரும்ப வந்தாலும் தமிழ்தான், வேறு மொழிக்கான எழுத்து அட்டவணையை வைத்துத் தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் மீட்கலாம். வெறும் கேள்விக்குறிகள் மட்டும் இருந்தால் மெயிலின் மூலத்தைத் திறந்து பாருங்கள்: ஜிமெயிலில் ‘ஷோ ஒரிஜினல்’, தண்டர்பேர்டில் கன்ட்ரோல்-யூ. அங்கேயும் கேள்விக்குறிதான் என்றால் பெயர் வழியிலேயே தொலைந்துவிட்டது, அனுப்பியவரைத்தான் கேட்க வேண்டும்.

வால் மட்டும் போயிருந்தால், தெரிந்தவர் அனுப்பிய ஃபைலாக இருக்கும் பட்சத்தில், நோட்பேடில் திறந்து முதல் எழுத்துகளைப் பாருங்கள். பி.டி.எஃப் என்றால் அந்த மூன்று எழுத்தும் முதல் வரியிலேயே இருக்கும். ‘பி கே’ என்று தொடங்கினால் டாக்ஸ், எக்ஸெல் அல்லது ஜிப். எதையும் சேமிக்காமல் மூடிவிட்டு, சரியான வாலைச் சேர்த்துத் திறந்து பாருங்கள். வேறொருவருக்கு அனுப்ப வேண்டுமானால் கெட்ட பெயரோடு அப்படியே ஃபார்வர்டு செய்ய வேண்டாம்; சேமித்து, பெயரைத் திருத்தி, புதிய மெயிலில் இணைத்து அனுப்புங்கள். ஃபார்வர்டு செய்தால் அந்தக் கேள்விக்குறிகளே அடுத்தவருக்கு ஃபைலின் பெயராகப் போய்ச் சேரும்.